ஃபயர்ஸ் ஆஃப் லண்டன் தொடங்கிய ஆண்டு பற்றிய திருத்தம்

‘ஃபயர்ஸ் ஆஃப் லண்டன் 1970இல் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் தனியாகத் தொடங்கிய கச்சேரிக் குழு, நாடகம் பிற்காலத்தில்தான் சேர்ந்தது’ என்று ஒரு குறிப்பில் எழுதப்பட்டிருப்பது தவறான எண்ணத்தைத் தருகிறது. 1970 என்பது பெயர் மாறிய ஆண்டு மட்டுமே. அக்குழுவை 1967இல் ‘பியரோ பிளேயர்ஸ்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் இசையமைப்பாளர்களான டேவிஸும் ஹாரிசன் பர்ட்விசிலும் சேர்ந்தே நிறுவினார்கள். இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் 1912ஆம் ஆண்டுப் படைப்பான ‘பியரோ லூனேர்’ இசைக்கத் தேவையான புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ ஆகியவற்றோடு தாளக் கருவிகளையும் சேர்த்ததே அதன் அமைப்பு.

நாடகம் பிற்காலச் சேர்க்கை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பழைய பெயர் இருந்தபோதே, 1969 ஏப்ரலில், டேவிஸின் இசை நாடகமான ‘எய்ட் சாங்ஸ் ஃபார் எ மேட் கிங்’ லண்டனில் அரங்கேறியது. அதில் வாசிப்பவர்கள் சிலர் பறவைகளாகக் கூண்டுக்குள் அமர்ந்திருக்க, மனம் பேதலித்த மன்னராக வரும் பாடகர் வயலினைப் பிடுங்கி உடைத்தெறிகிறார். கருவியே பாத்திரமாகும் இந்த இடத்தில் இசை எது, நாடகம் எது என்று பிரிக்க இயலாது. அதே ஆண்டில் வந்த அவருடைய ‘வெசாலி ஐகன்ஸ்’ என்ற படைப்பு நடனக் கலைஞர் ஒருவரையும் செல்லோவையும் மையமாகக் கொண்டது. பர்ட்விசில் விலகிய பிறகே புதிய பெயர் வந்தது. அப்பெயரில் குழு 1987 வரை இயங்கியது.