செல்லை நிழலில் வையுங்கள்
சோலாரில் ஓடும் சிறு கருவி செய்வது பற்றி நான் படித்த கட்டுரை, சோலார் தகடு, டிபி4056 (செல்லுக்கு சார்ஜ் ஏற்றும் சிப்), 18650 செல் (சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் அயன் செல்), ஈஎஸ்பி32 (கருவியை இயக்கும் வைஃபை சிப்) எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து மாடியில் வைக்கலாம் என்கிறது. காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு அது ஆகாதுங்க. லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு அதைத் தாண்டிவிடும். வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம் பார்க்க நான் அப்படி வைத்த செல் ஒரே கோடையில் செத்தது. இப்போது தகடு மட்டும் மாடியில், செல் வளவுத் (உள்முற்றத்துத்) தாழ்வாரத்து நிழலில்.

வேலையில்லாதபோது போகும் ஆழ்தூக்க நிலையில் ஈஎஸ்பி32 சிப் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கும், சரி. ஆனால் போர்டில் சும்மா எரியும் சிவப்பு எல்இடி மில்லி ஆம்பியர் கணக்கில் தின்னுமே! அதைப் பிடுங்கிவிட்டேன் (கை நடுங்கியது வேறு கதை). சாதா லித்தியம் அயன் செல்லை விட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு மாறினால் டிபி4056 வேண்டாம். அது 4.2 வோல்ட் வரை ஏற்றும், பாஸ்பேட் செல்லுக்கு 3.65 வோல்ட்தான் எல்லை.