வெளிவராத ஆட்டத்தின் மீதான தீர்ப்பு

வெளிவரவிருக்கும் இணையவழிப் பாத்திர விளையாட்டுகளை, அதாவது இணையத்தில் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பலர் சேர்ந்து ஆடும் கணினி ஆட்டங்களை, வீரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள் என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை முழுமையாக ஏற்க இயலவில்லை. முன்னோட்டக் காணொளியில் ஒரு டிராகன் பறந்தாலே ஆர்ப்பரிக்கும் கூட்டம் உண்டுதான். ஆனால் வெளியீட்டுக்கு முன் வீரர்களை ஆடவிட்டுப் பிழை தேடும் பீட்டா சோதனையில் கதாபாத்திரத்தின் ஒவ்வொரு திறனையும் அக்குவேறு ஆணிவேறாக அலசி, கதாபாத்திரம் உச்ச நிலையை எட்டியபின் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் வீரர்கள்தாம். ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆட்டத்தின் இடைமுகம் (வீரர் கட்டளையிடும் திரைப் பட்டியல்களும் பொத்தான்களும்) மந்தமாக இருப்பதைப் பலர் பீட்டாவிலேயே சுட்டிக்காட்டியும், அது சரிசெய்யப்படாமலே 2010இல் ஆட்டம் வெளியாகி, 2012இல் மூடப்பட்டு, 2013இல் புதிதாக உருவாக்கப்பட்டு வந்தது. முன்பதிவு செய்தவர்களுக்கே பீட்டா அனுமதி என்னும் விற்பனை முறைதான், என் பார்வையில், சோதனையை விளம்பரமாக்கிவிட்டது. பிழைகளை எழுதி அனுப்ப வேண்டியவர்கள், முன்பதிவுக்குப் பரிசாக ஆட்டத்துக்குள் கிடைக்கும் சவாரி விலங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.