பேட்டில் என்பது ‘குட்டி வார்’ இல்லை

ஆங்கிலத்தில் கான்ஃப்ளிக்ட் (conflict), பேட்டில் (battle), வார் (war) மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு, “சின்னதாக நடந்தால் கான்ஃப்ளிக்ட், கொஞ்சம் பெரிசானால் பேட்டில், அதையும் தாண்டினால் வார், எத்தனை பேர் செத்தார்கள் என்பதுதான் கணக்கு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனசில் நிற்க வசதியான சூத்திரம்தான், ஆனால் தப்பு.

முதல் உலகப் போரின்போது, 1916இல் பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் நடந்தது பேட்டில். ஜூலை 1 முதல் நவம்பர் 18 வரை. இரு தரப்பிலும் செத்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்கு மேல். முதல் நாளில் மட்டும் பிரிட்டன் படையில் 19,000க்கு மேல் இறந்தார்கள். 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து வார் மொத்தமே 74 நாள், இறந்தவர் சுமார் 900. அளவுதான் கணக்கென்றால் பெயர் இடம் மாறியிருக்க வேண்டுமே! வாருக்குள் ஓர் இடத்தில் படைகள் மோதுவது பேட்டில். ஈழத்து எழுத்தில் இதற்குச் ‘சமர்’ என்று தனியாகவே புழங்குகிறார்கள்.

கான்ஃப்ளிக்ட் கதை வேறு. 1956 சூயஸ் கால்வாய் நெருக்கடியில் பிரிட்டன் பிரதமர் ஈடன், எகிப்தோடு நாம் வாரில் இல்லை, ஆயுத கான்ஃப்ளிக்டில்தான் இருக்கிறோம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். பிரிட்டன் விமானங்கள் எகிப்தில் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது! வார் என்றால் முறையான அறிவிப்பு, சட்ட விளைவு என்று பல வால்கள் உண்டு. இப்படி நழுவுவார்கள் என்று தெரிந்துதானோ என்னவோ, போரில் சிக்கியவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் 1949 ஜெனிவா ஒப்பந்தங்களில் அறிவித்த வாரோடு மற்ற ஆயுத கான்ஃப்ளிக்டையும் சேர்த்தார்கள். ஆக அது சின்னச் சொல் அல்ல, அகலமான சொல். ரத்தமே வேண்டாம், ஒரே நேரத்தில் இரண்டு மீட்டிங் விழுந்தாலும் கான்ஃப்ளிக்ட்தான்.