நண்பர்கள் திட்டும்வரை தாடி

யூதர்களின் துக்க வழக்கங்களில் ஒரு விதி பல நாளாக என் மனசை விட்டுப் போகவே இல்லை. அம்மாவோ அப்பாவோ இறந்தால் பிள்ளை 30 நாள் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது. 30 முடிந்ததும் கத்தியை எடுத்துவிடவும் முடியாது. “என்னடா இது கோலம்?” என்று நண்பர்கள் திட்டும்வரை காத்திருக்க வேண்டும். யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்மூதில், மோயெத் கத்தான் என்ற பகுதியில் இது இருக்கிறது. மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர் என்றால் 30 நாளோடு சரி. பெற்றோருக்கு மட்டும்தான் இப்படி.

முடியை வளரவிடுவதற்கு வேர் பைபிளில், லேவியராகமம் 10ஆம் அதிகாரத்தில். ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் ஒரே நாளில் இறந்துபோகிறார்கள். ஆரோனும் மிச்சமிருக்கும் இரண்டு மகன்களும் ஆசாரியப் பணியில் இருக்கிறார்கள். அதனால் தலைமுடியை வளரவிடாதீர்கள் என்று மோசே அவர்களிடம் சொல்வதாக ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள், அங்கே வரும் வசனத்தை வாசித்தார்கள். அவர்களுக்குத் தடை என்றால், துக்கத்தில் இருக்கும் மற்றவர்கள் வளரவிட வேண்டும் என்பது ரபிகள் எடுத்த முடிவு. பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தும் துக்கத்தை முகத்தில் காட்ட அனுமதி இல்லாத ஒரு தகப்பனிடமிருந்து இந்த வழக்கம் வந்திருக்கிறது. படிக்கும்போதெல்லாம் ஆரோனை நினைத்து நெஞ்சு கனக்கிறது.

முதல் ஏழு நாளுக்கு ‘ஷிவா’ என்று பெயர். எபிரேயத்தில் ஏழு. தாழ்வான இருக்கையில் உட்கார்வார்கள். தோல் செருப்பு கிடையாது, சுகத்துக்காகக் குளிப்பதும் கிடையாது. பல வீடுகளில் கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுகிறார்கள். தன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வேலையே அந்த வாரம் இல்லை.

அப்பா போன மூன்றாவது வாரம் நான் தாடியோடு வேலைக்குப் போனேன். “மீட்டிங் இருக்கு, ஷேவ் பண்ணிட்டு வாங்க” என்றார் மேலாளர். பண்ணினேன். அவர் சொன்னதும் ஒரு திட்டுதான். ஆனால் அவர் பார்த்தது தாடியை, என்னை இல்லை. அந்த விதி கேட்கும் திட்டு வேறு. நம்மை இத்தனை நாளாகக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவன், போதும் இனி வெளியே வா என்று உரிமையோடு சொல்வது. எப்போது போதும் என்பது துக்கத்தில் கிடப்பவனுக்குத் தெரியாது. அந்தப் பொறுப்பை அவன் தலையிலிருந்து இறக்கி நண்பர்கள் கையில் கொடுத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசே இசர்லேஸ், நண்பர்கள் திட்டும்வரை என்பதற்கு மூன்று மாதம் என்று வழக்கம் இருப்பதாக எழுதிவைத்தார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தேதி வந்துவிட்டால் நண்பன் எதற்கு? அப்புறம் யோசித்தால், திட்டுவதற்கு யாருமே இல்லாதவனும் இருப்பானே, அவன் எத்தனை நாள் காத்திருப்பான் என்றும் தோன்றுகிறது.

என் நண்பன் ஒருவனுக்குப் போன மாதம் அம்மா தவறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாடி நன்றாக வளர்ந்திருந்தது. அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் போவேன்.