ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கட்டும்?

போன மாதம் ஒரு மழை நாள். இலை வண்டி வரத் தாமதம். எடைமேடை காலியாகக் கிடந்தது. சும்மா இருந்த கால் சும்மா இருக்காமல் அதில் ஏறி நின்றேன். 81 கிலோ, சொச்சம். பகீர் என்றது. அடுத்த நொடியே மனசு கணக்கில் இறங்கிவிட்டது. ஸ்வெட்டர், அதற்கு மேலே ஜெர்கின், காலில் கம்பூட், பாக்கெட்டில் சாவிக்கொத்து, காலையில் தின்ற நாலு இட்லி. பக்கத்தில் நின்ற பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கட்டும் சார்?" என்றான்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். 22 வருஷமாக ஊரார் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தை எடை போட்டு எழுதி, சாக்குக்கு இவ்வளவு, மழைநாள் என்றால் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, அதற்காகத் திட்டும் வாங்கிய ஆள். என்னை நான் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது எடை கேட்டால் "அறுபத்தஞ்சு இருக்கும்" என்பேன். அது கல்யாணத்துக்கு அப்புறம் எப்போதோ பார்த்த எடை.

அன்று ராத்திரி வீட்டில் பனியனோடு நின்று பார்த்தேன். 78. கழிக்க இனி ஒன்றும் இல்லை.

என் வயசு 48. உயரம் 168 சென்டிமீட்டர். கிலோ எடையை, மீட்டரில் சொல்லும் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. எனக்கு 27.6. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல்தான் உடல் பருமன். அதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விட்டேன். ஆனால் நம் ஊர் மருத்துவர்கள் இந்தியர்களுக்கென்று வைத்திருக்கும் கோடு வேறு. 23 தாண்டினால் அதிக எடை, 25 தாண்டினால் பருமன். "கொஞ்சம் பூசினாப்பல இருக்கேன்" என்று நினைத்துக்கொண்டிருந்தவன் படிக்கப் படிக்க பருமனுக்குள் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறேன். என் உயரத்துக்கு 65 கிலோ வரை இருக்கலாமாம். நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்த அதே 65!

நமக்கு மட்டும் ஏன் கோடு இவ்வளவு கீழே? 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். நம் உடம்பு கொழுப்பை வயிற்றுக்குள்ளே பதுக்குகிற உடம்பு. கை கால் குச்சியாக இருக்கும், சட்டையின் நாலாவது பட்டன் மட்டும் திணறும். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் இந்த வடிவம்தான்.

சரி, 13 கிலோ ஏறும்வரை எனக்கு எப்படித் தெரியாமல் போச்சு? இதைத்தான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் குற்றவாளி ஸ்வெட்டர். சமவெளிக்காரர்கள் ஒற்றைச் சட்டையில் திரிகிறார்கள், தொப்பை விழுந்தால் மறைக்க இடமில்லை. இங்கே வருஷத்தில் முக்கால்வாசி நாள் கம்பளிக்குள்தான் வாழ்க்கை. கம்பளி மாதிரி பெருந்தன்மையான துணி உலகத்தில் கிடையாது. நாம் பெருக்கப் பெருக்க அதுவும் விரியும், ஒரு வார்த்தை சொல்லாது.

பேன்ட் அதைவிட மோசம். பத்து வருஷமாக நான் வாங்குவது 34 சைஸ். "இடுப்பு அப்படியேதான் இருக்கு" என்று பெருமை வேறு. பெல்ட் தொப்புளுக்கு மேலிருந்து இறங்கி இறங்கித் தொப்பைக்கு அடியில் போய்விட்டதை நான் கவனிக்கவே இல்லை. டேப்பை முறையாக, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகு அளந்தேன். 101 சென்டிமீட்டர். அங்குலத்தில் 40க்குக் கொஞ்சம் கீழே. இந்திய ஆண்களுக்குச் சொல்லும் வரம்பு 90, பெண்களுக்கு 80.

வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னபோது அவள் அதிசயப்படவே இல்லை. "உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா? எனக்கு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தெரியும்ங்க. பிளவுஸ் சொல்லிடும்" என்றாள். பெண்கள் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்வார்கள். விசேஷத்துக்கு விசேஷம் ஒரு தையல் பிரியும். பிரிக்க இனி துணி இல்லை என்று டெய்லர் சொல்லும் நாளில் கணக்கு முடிந்தது. ஆம்பளைகளுக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. எடை கூடியவர்கள் தங்களைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்றும், அதிலும் ஆண்கள் ஒரு படி மேலே என்றும் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு ஆய்வு வேண்டியதில்லை, கண்ணாடி போதும். இல்லை, கண்ணாடிதான் போதவில்லை. 20 வருஷத்தில் 13 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கும் கீழே. தினம் சவரம் செய்யும்போது அது எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

அப்புறம் மலைக்காரன் என்கிற திமிர். "ஏறி இறங்குற ஊர், நமக்கெல்லாம் தொப்பை விழாது." இதைச் சொன்னவர் என் அப்பா. அவர் சொன்னது அவருக்கு உண்மை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு ஏற்றத்தை அரிசி மூட்டையோடு ஏறியவர். நான் ஒரு வளைவுக்கு ஸ்கூட்டரை எடுக்கிறவன். மலை அதே மலை, ஏறுவது பெட்ரோல். வண்டி ரிப்பேரான அன்று அதே ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்றேன். "பனியில மூச்சு வாங்குது" என்றேன். இறக்கத்தில் முட்டி வலித்தால் குளிர். அசதிக்கு ஈரக்காற்று. இந்த ஊரில் எல்லாப் பழியையும் சுமக்க ஒரு வானிலை இருக்கிறது. குளிருக்கு இதமாக நாலு வேளை சர்க்கரை டீ, அதில் முக்க வர்க்கி. (வர்க்கியைக் குறை சொன்னால் ஊட்டிக்காரர்கள் அடிக்க வருவார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். நானும் விடப்போவதில்லை, ஆறை இரண்டாக்கியிருக்கிறேன்.)

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து நம்மை எடை போடுவது. எங்கள் டீக்கடை பெஞ்சில் நான்தான் ஒல்லி! தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ஆண்களில் 28.2ஆக இருந்தது 37 ஆனது. பத்தில் நாலு பேர் பெருத்துவிட்ட ஊரில் பெருத்தவன்தான் சராசரி. சரியான எடையில் இருப்பவனைப் பார்த்து, "என்னடா இளைச்சுட்ட, சர்க்கரையா?" என்று துக்கம் விசாரிக்கிறோம். எங்கள் சித்தப்பா பையன் ஒருவன் கஷ்டப்பட்டு 9 கிலோ குறைத்தான். போகிற வீட்டிலெல்லாம் இந்த விசாரணை. கடைசியில் வெறுத்துப்போய் மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டான்.

இதைப் படித்துவிட்டு யாரையும் "குண்டு" என்று கூப்பிடக் கிளம்பிவிடாதீர்கள். சின்ன வயசிலிருந்து அந்தப் பேரைச் சுமப்பவர்களுக்குத் தங்கள் எடை கிராம் சுத்தமாகத் தெரியும், நீங்கள் நினைவூட்ட வேண்டாம். நான் பேசுவது என்னைப் போன்றவர்களைப் பற்றி. இளமையில் ஒல்லியாக இருந்து, நாற்பதில் சத்தமில்லாமல் பெருத்து, இன்னும் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் ஆளாகவே தன்னை நினைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள். எங்களுக்கு அறிவுரை எதுவும் ஏறாது. 80 ரூபாய் டேப் ஏறும்.

இப்போது அந்த டேப் என் ஆபீஸ் டிராயரில் கிடக்கிறது. நேற்று லாரிக்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், "எனக்கும் பாரு தம்பி" என்று ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு நின்றார். டேப்பைச் சுற்றினேன். வயிறு முதுகோடு ஒட்டி நின்றது.

"அண்ணே, மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்" என்றார், வாயைத் திறக்காமல்.