ஓடிக் களைத்தவரும் ஓடத் தேவையில்லாதவரும்

ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடையே ஓயாமல் நடக்கும் ஒரு சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீரர் அணிக்கு எவ்வளவு பயன்படுகிறார் என்று மதிப்பிடும்போது, அவர் எவ்வளவு உயிரைக் கொடுத்து ஆடுகிறார் என்பதைவிட, அவர் களத்தில் இருக்கும் நேரத்தில் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் ரப்பர் வட்டு) எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையே நான் பார்க்கிறேன். "நீ ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, கணக்கைத்தான் பார்க்கிறாய்" என்று நண்பர்கள் கடிந்துகொள்வார்கள். ஆட்டத்தைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை.

நம் கண்ணைக் கவரும் உழைப்பு எது? எதிராளியைப் பக்கச் சுவரோடு சேர்த்து மோதுவது, விழுந்து படுத்து ஷாட்டை உடம்பால் மறிப்பது, பின்னாலிருந்து துரத்தி வந்து பக்கைத் தட்டிவிடுவது. இம்மூன்றும் நிகழும் வேளையில் பக் பெரும்பாலும் எதிரணியிடமே இருக்கிறது. விதிப்படி பக்கை வைத்திருப்பவர் மீதோ, அதை அப்போதுதான் கைவிட்டவர் மீதோதான் மோத முடியும். ஆகவே, மோதல்களின் பட்டியலில் ஒருவர் முதலிடத்தில் இருக்கிறார் என்றால், அவருடைய அணி பக் இல்லாமல் நெடுநேரம் அலைந்திருக்கிறது என்றும் அதைப் படிக்கலாம். போதாக்குறைக்கு, எது மோதல், எது வெறும் உரசல் என்பதை அந்தந்த அரங்கின் கணக்கர்களே தீர்மானிக்கிறார்கள். அவர்களுடைய அளவுகோல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஷாட்டை மறிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கேதான் இரு தரப்புக்கும் கோபம் வருகிறது. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் பஃபலோ சேபர்ஸ் அணியின் கோல்காப்பாளர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயரால் வழங்கும் கணக்கு, ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது இரு அணிகளும் கோலை நோக்கி அடித்த எல்லா முயற்சிகளையும், அதாவது இலக்கை எட்டியவை, விலகிப் போனவை, வழியில் மறிக்கப்பட்டவை அனைத்தையும், சேர்த்து எண்ணுகிறது. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து அடிக்கும் கோல்கள் ஏறக்குறைய ஆறுதான். முயற்சிகளோ நூறைத் தாண்டுவது வழக்கம் என்பதால், அதிர்ஷ்டத்தின் பங்கு அதில் விரைவாகக் கரைந்துவிடுகிறது. அந்தக் கணக்கின்படி, ஒரு தற்காப்பு வீரர் பற்கள் உடையும் ஆபத்தோடு பாய்ந்து மறித்த ஷாட்டும் அவருக்கு எதிரான முயற்சியாகவே பதிவாகிறது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டும் நொடியில் ஏட்டில் அவருக்குக் கழித்தல் விழுகிறது. இது அநியாயம் என்று முதலில் நானும் நினைத்தேன். பிறகு ஒரு முழு ஆட்டத்தின் பதிவை ஒரே ஒரு தற்காப்பு வீரரை மட்டும் பின்தொடர்ந்து மீண்டும் பார்த்தேன். அவர் வீரத்தோடு மறித்த ஷாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சில நொடிகள் முன்னால், அவரே பக்கைத் தம் எல்லையிலிருந்து வெளியே கொண்டுவரத் தவறியிருந்தார். தாம் வைத்த தீயைத் தாமே அணைத்ததற்காக அவருக்குக் கைதட்டல் கிடைத்துக்கொண்டிருந்தது. (தண்டனையால் ஓர் ஆள் குறைந்து ஆடும்போது மறிப்பது வேறு விஷயம், அங்கே அது தவிர்க்க முடியாத வேலை. மறிப்பும் ஒரு திறமையே என்று கருதி, அத்தகைய முயற்சிகளை நீக்கிவிட்டு எண்ணும் ஃபென்விக் கணக்கும் உண்டு.)

இதற்காக எல்லா எண்களையும் நான் வணங்குவதில்லை. ஒருவர் களத்தில் இருக்கும்போது பொதுவாக அவர் அணி கோல் அடித்தால் ஒன்று கூட்டியும், வாங்கினால் ஒன்று கழித்தும் எண்ணும் பிளஸ்-மைனஸ் எனக்குப் பிடிக்காத கணக்கு. 1970-71 பருவத்தில் பாஸ்டன் அணியின் தற்காப்பு வீரர் பாபி ஆர் எட்டிய +124 இன்றும் முறியடிக்கப்படாத சாதனைதான்; ஆனால் மாற்று ஆளாக அப்போதுதான் களத்தில் கால் வைத்தவருக்கும், தம் கோல்காப்பாளர் எளிய பிழை செய்த நொடியில் எதிர்முனையில் நின்றவருக்கும் ஒரே மைனஸைப் போடும் கணக்கை வைத்துக்கொண்டு தனிமனிதரை எடைபோட முடியாது. கோர்சி கணக்கும், அந்த வீரர் யாரோடு ஆடினார், களத்தின் எந்தப் பகுதியில் ஆட்டத்தைத் தொடங்கினார் என்று கேட்காமல் படித்தால் ஏமாற்றும்.

ஆனால் கண் ஏமாற்றிய அளவுக்கு எண்கள் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. முன்கள வீரர் ஃபில் கெஸல் டொராண்டோ அணியில் ஆடிய காலத்தில் அவரைச் சோம்பேறி என்று திட்டாதவர்கள் குறைவு. தொங்கிய தோள்களும் ஆர்வமற்ற முகமும் தோல்விகளுக்கெல்லாம் சாட்சியாக்கப்பட்டன. 2011-12, 2013-14 ஆகிய இரு பருவங்களிலும் அவர் தலா 37 கோல்கள் அடித்திருந்தும் பேச்சு மாறவில்லை. 2015இல் பிட்ஸ்பர்க் அணிக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டு லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற அந்த அணியில், பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃப் ஆட்டங்களில் அதிகப் புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து), 22, எடுத்தவர் அவரே. 2009 நவம்பர் முதல் 2022-23 பருவத்தின் முடிவு வரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக 1,064 ஆட்டங்கள் ஆடியவரும் இதே 'சோம்பேறி'தான். நிக்லஸ் லிட்ஸ்ட்ரமை யாரும் அப்படித் திட்டியதில்லை என்றாலும், சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் கோப்பையை ஏழு முறை வென்ற அவர் பாய்ந்து விழுந்த காட்சிகளைத் தேடினால் அதிகம் கிடைக்காது. இருக்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே நின்றுவிட்டவருக்குப் பாய வேண்டிய தேவை வருவதில்லை.

இப்போது உழைப்பே எண்ணாகிவிட்டது. 2021 முதல் என்.எச்.எல். அரங்குகளில் வீரர்களின் வேகத்தையும் கடந்த தொலைவையும் கருவிகள் அளக்கின்றன; 2023 முதல் அந்த விவரங்களை எவரும் பார்க்கலாம். உயிரைக் கொடுத்து ஆடுபவர்களின் ஆதரவாளர்கள் அந்தப் பட்டியலை என்னிடம் ஆவலோடு காட்டுகிறார்கள். முழு வேகத்தில் திரும்பி வந்தவரின் வேகம் அதில் துல்லியமாக இருக்கிறது. அவர் ஏன் அவ்வளவு தொலைவில் சிக்கிக்கொண்டார் என்பது அதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் மறுபடியும் பதிவை ஓட்டிப் பார்க்கிறேன், அந்த ஓட்டத்துக்குப் பத்து நொடிகள் முன்னாலிருந்து.