கால்சிடோனினின் பங்கு எவ்வளவு?

இரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மை ஹார்மோன் கால்சிடோனினே என்று ஒரு கட்டுரை கூறுவதை அப்படியே ஏற்க இயலவில்லை. தைராய்டின் சி செல்கள் சுரக்கும், 32 அமினோ அமிலங்களாலான இந்த ஹார்மோன், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அடக்கிக் கால்சியத்தைக் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வளர்ந்தவர்களின் அன்றாடக் கால்சியச் சமநிலையில் அதன் பங்கு மிகச் சிறிது.

தைராய்டு முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்குக் கால்சிடோனின் ஏறத்தாழ இல்லாமற்போயும் கால்சியம் ஏறிவிடுவதில்லை. மாறாக, அறுவை சிகிச்சைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ உதட்டைச் சுற்றி மரத்துப்போவதும், விரல் நுனிகள் குறுகுறுப்பதும், கைத்தசைகள் இழுத்துக்கொள்வதும் சிலருக்கு நேர்கின்றன. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், அரிசியளவேயான பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையின்போது பாதிக்கப்பட்டுக் கால்சியம் இறங்கிவிடுவதே அதற்குக் காரணம். உண்மையான கடிவாளம் அவற்றின் ஹார்மோனிடமும் வைட்டமின் டி-யிடமும் இருக்கிறது. (1960களின் தொடக்கத்தில் கால்சிடோனினைக் கண்டறிந்த ஆய்வாளர் ஹெரால்ட் காப் கூட, அது பாராதைராய்டிலிருந்து வருவதாகத்தான் முதலில் கருதினார்.)

சால்மன் மீனின் கால்சிடோனின் மனிதருடையதைவிட வீரியமிக்கது என்பதால் எலும்புப்புரை நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) நெடுங்காலம் தரப்பட்டது. புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடுவதாகத் தெரிந்ததும், 2012இல் ஐரோப்பிய மருந்து முகமை அப்பயன்பாட்டைக் கைவிடப் பரிந்துரைத்தது. அந்தக் கட்டுரை இதைக் குறிப்பிடவில்லை. இன்று கால்சிடோனின் பரிசோதனை பெரிதும் பயன்படுவது, சி செல்களில் தோன்றும் மெடுல்லரி தைராய்டு புற்றுநோயைக் கண்டறியவும், அறுவைக்குப் பின் அது திரும்புகிறதா என்று கண்காணிக்கவும்தான்.